தையல் படிக்க வரவில்லை

கோபன்ஹேகன்
ஜூலை 1974

அன்புள்ள அத்தானுக்கு,

நான் தையல் படிக்கப் போயிருப்பதாகத் திரேஸ்புரம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். இது எனக்குச் செய்த அநியாயம். உங்கள் இருமல் தேவலையா? நான் நலம்.

கல்லூரிக் கோடை வகுப்பில் நான் படிப்பது ஆண் பெண் உடலுறவைப் பற்றி. "ஏளா, இதுல படிக்க என்ன இருக்கு?" என்றீர்களே, பிரசவம் பார்க்கிற எனக்கே தெரியாதது இவ்வளவு இருக்கிறது. நேற்று ஆசிரியை, "உங்களுக்கு எது பிடிக்கும் என்று கணவர் கேட்டதுண்டா?" என்றாள். "குழம்பில் உப்பு போதுமா என்று நான்தான் கேட்பேன்" என்றேன். வகுப்பே சிரித்தது. அறைக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மகள் சௌந்தரி கொஞ்சம் சாளைக் கருவாடு கட்டி அனுப்பட்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் நீங்கள் என் படிப்பின் பெயரை எல்லாரிடமும் சொல்ல வேண்டும். பிறகு ஆசிரியை கேட்டதை நீங்களே உங்கள் கையால் எழுதி என்னிடம் கேட்க வேண்டும்.

இசபெல்லா