மீதிப் பேச்சு

இராமநாதபுரம்
12.1.2025

மாமாவுக்கு,

செல்வி எழுதுவது. நலம்தானே? நம் பிள்ளை மீனா போய், நீங்களும் நானும் பிரிந்த இந்த நான்கு வருடத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். போனில் கேட்டிருக்கலாம். உங்கள் எண்ணுக்கு அடிக்கக் கை வரவில்லை. எடுக்காமல் மணி அடித்துக்கொண்டே இருப்பதை இனி என்னால் கேட்க முடியாது.

நான் இங்கே ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். வாரிசுச் சான்றிதழுக்கு வருகிறவர்கள் இறந்தவர் பெயரையும் தேதியையும் சொல்லிவிட்டு நிறுத்துவதில்லை. எப்படி நடந்தது என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். பின்னால் வரிசை நிற்கிறது. "போதும்மா, அடுத்த ஆள்" என்று நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தேவிபட்டினத்திலிருந்து வந்த தாஜுன்னிசா அக்கா, "அப்ப இதை நான் எங்கனதான் போய்ச் சொல்றது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லி, அவர் பேசியதை என் போனில் பதிவு செய்தேன். இதை ஒரு பாட்காஸ்டாகப் போடலாம் என்று எண்ணம். பெயர்கூட வைத்துவிட்டேன், 'மீதிப் பேச்சு'.

ஆனால் கிணற்றுக்குள் பேசுவதுபோல் கேட்கிறது. மைக் செட் வேலை தெரிந்தவர் எனக்கு நீங்கள் ஒருவர்தான். சொல்லித் தருவீர்களா?

மாரிச்செல்வி


கடலாடி
20.1.2025

செல்விக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

வெறும் சுவர் உள்ள அறையில் பதிவு செய்திருக்கிறாய். அதுதான் எதிரொலி. துணி தொங்கும் அறையில் உட்காருங்கள். கட்டிலில் மெத்தை கிடந்தால் இன்னும் நல்லது. மின்விசிறியை நிறுத்து. சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்று இத்துடன் அனுப்புகிறேன். வாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டு. முந்தானை அதில் உரசக் கூடாது.

பேச்சு தொடங்கும் முன் எல்லோரும் அரை நிமிடம் சும்மா இருங்கள். அதையும் பதிவு செய். அறையின் இரைச்சல் என்னவென்று கம்ப்யூட்டருக்கு அதை வைத்துத்தான் காட்ட முடியும், பிறகு அதுவே நீக்கிவிடும். வெட்டுவதற்கு முன் அசலை ஒரு நகல் எடுத்து வை. இருமலை வெட்டலாம். அழுகைக்கு முன் வரும் மூச்சை வெட்டாதே. வெட்டினால் பொய்யாகக் கேட்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

காளிதாஸ்


இராமநாதபுரம்
9.3.2025

மாமாவுக்கு,

மைக் நன்றாக இருக்கிறது. பீரோவைத் திறந்து வைத்து, சேலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசுகிறோம். பேச வருகிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள்.

ஒலியை எங்கே ஏற்றி வைப்பது என்று தெரியாமல் ஒரு வாரம் திண்டாடினேன். இதற்கென்றே ஒரு தளம் இருக்கிறது. அங்கே ஒருமுறை ஏற்றினால் போதும், மற்ற ஆப்களெல்லாம் அங்கிருந்தே எடுத்துக்கொள்கின்றன. நான்கு பகுதி போட்டாயிற்று. முதல் பகுதியைப் பதினாறு பேர் கேட்டார்கள், நான்காவதை எண்ணூறு பேர். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து கமலாதேவி அம்மா தானாகவே வந்து பேசினார். முடித்துவிட்டு, "நீ ஏன் பிள்ளை இன்னும் கதைக்கேல்லை?" என்று கேட்டார்.

அடுத்த பகுதியில் பேசுவது நான். மெமரி கார்டை உறைக்குள் வைத்திருக்கிறேன். நீங்கள்தான் எடிட் செய்து தர வேண்டும். முழுதாகக் கேளுங்கள். பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

செல்வி


கடலாடி
21.3.2025

செல்விக்கு,

முடித்து அனுப்பியிருக்கிறேன். இரைச்சல் எடுத்தாகிவிட்டது. சில இடங்களில் உன் குரல் இறங்கிவிடுகிறது, தூக்கி வைத்திருக்கிறேன். நடுவில் இரண்டு நிமிடம் நாற்பது வினாடி எடுத்துவிட்டேன். அங்கே காற்றுச் சத்தம் அதிகம். எடுத்தது தெரியாது.

அப்படியே போடலாம்.

காளிதாஸ்


இராமநாதபுரம்
28.3.2025

மாமாவுக்கு,

அந்த இடத்தில் காற்றே இல்லை. அசலைத் திரும்பக் கேட்டேன்.

ஊருக்குத் தெரிந்தது ஒரே கதைதான். பால்குடத்தன்று மத்தியானம் மீனாவுக்குக் கைகால் சில்லிட்டது. பதினொரு தடவை உங்களுக்கு அடித்தேன். கோயிலில் நீங்கள் கட்டிய ஒலிபெருக்கிச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை. வேனும் உங்களிடம். வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. காரியத்தன்று எங்க அய்யா எல்லோர் முன்னாலும், "இனிமே என் வாசல்ல வந்து நிக்காத" என்று உங்களைச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நீங்கள் வெட்டியது காலையில் நடந்ததை. மூன்று நாள் காய்ச்சல் அன்றைக்குத்தான் விட்டிருந்தது. ஏழு மணிக்கே பிள்ளை, "அம்மா, வயிறு வலிக்குது" என்றாள். "ஒண்ணும் திங்கலைல, அதான். இட்லி தின்னா சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுத் துவைக்கப் போனேன். நீங்கள் அப்போது வாசலில் வேனில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருப்பீர்கள். "டெங்குல சூடு விட்ட பொறகுதாம்மா ஆபத்து. காலைலயே கொண்டாந்திருக்கணும்" என்று டாக்டர் சொன்னது என்னிடம் மட்டும்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் உங்களைச் சொன்னார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது.

வெட்டியதைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். இந்த ஞாயிறு போடுகிறேன். அய்யாவையும் கேட்கச் சொல்லப்போகிறேன். சித்திரை பிறந்ததும் கடலாடிக்கு வாரேன். நேரில் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வரலாமா?

உங்கள்
செல்வி


கடலாடி
12.4.2025

செல்விக்கு,

எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

கேட்கிறவர்கள் உன்னைக் குறை பேசக் கூடாது என்றுதான் வெட்டினேன். என்னைப் பேசி எல்லோருக்கும் பழகிவிட்டது, எனக்கும் கேட்டுப் பழகிவிட்டது. நீ போட்டதை முழுதாகக் கேட்டேன். நன்றாகப் பேசியிருக்கிறாய்.

காலையில் நடந்ததில் உன்மேல் எனக்கு வருத்தமில்லை. பிள்ளை என்னிடம் வயிறு வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் நானும் இட்லி தின்னத்தான் சொல்லியிருப்பேன். இது சத்தியம்.

ஆனால் நான்கு வருடமாக நான் திருவிழா வேலை எடுக்கவில்லை. குளிக்கும்போதும் போனை வாளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் குளிக்கிறேன். பிள்ளையைக் கொன்றவன் நான் என்று நானே நம்பினேன். அது நீ அறிந்ததுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ வந்து, "நீங்க மட்டுமில்ல மாமா" என்று சொல்லியிருக்கலாம். எட்டு வருடம் ஒன்றாக இருந்தோமே.

உங்க அய்யா நேற்று என் கடைக்கு வந்தார். கடலாடி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பார் போல, சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. "மாப்ள" என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டேன், உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். போகும்போது பஸ் ஏற்றிவிட்டேன்.

அவர் அன்று சொன்னது தெரியாமல் சொன்னது. அதனால் அவருக்கு டீ வாங்கிக் கொடுக்க முடிந்தது.

நீ வர வேண்டாம், செல்வி. மைக்கில் ஏதாவது கோளாறு என்றால் எழுது, சொல்கிறேன். வேறு எதற்கும் எழுதாதே.

காளிதாஸ்