வருத்தப்பட வரவில்லை அக்கா

பட்டாபிராம்,
12-3-1972, ஞாயிறு காலை.

ராஞ்சி மடத்தில் இருக்கும் என் அருமை அக்காவுக்கு, தங்கை அன்னம்மாள் ஆயிரம் முத்தத்தோடு எழுதுவது. கவரின்மேல் உன் மடத்துப் பெயரைத்தான் சிஸ்டர் என்று போட்டு எழுதியிருக்கிறேன். உள்ளே நீ எனக்கு அக்காதான். இங்கே பெரியவர், சின்னவர் எல்லோரும் சுகம். உன் முட்டிவலி தேவலையா என்று பதிலில் மறக்காமல் எழுதவும்.

மே மாசம் வருகிறேன் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு நான் போட்ட கூச்சலில், பக்கத்து வீட்டு முனியம்மா பாம்பு கீம்பு வந்துவிட்டதோ என்று துடைப்பத்தோடு ஓடிவந்தாள். ஒன்பது வருஷம் ஆகிறதே அக்கா! அதுவும் இந்தத் தடவை மடத்துச் சட்டம் மாறி, சொந்தக்காரர் வீட்டிலேயே ராத்தங்கலாமாம், ஐந்து நாளும் உன் வீட்டில்தான் அன்னம்மா என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை வேலைக்குப் போகிற ரயிலில் உட்கார்ந்து எத்தனை தரம் படித்தேனோ, எனக்கே தெரியாது. எதிரில் இருந்த ஒரு பெரியம்மா, மகனுக்கு வேலை கிடைச்சிட்ச்சா என்று கேட்டாள். என் அக்கா வருது என்று பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

ஆனால் இந்தக் கடிதத்துக்கு ஒரு அவசரம் இருக்கிறது. நம் சூசை அண்ணனும் உனக்கு எழுதப்போகிறார். போன வாரம் பூந்தமல்லியிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். உள்ளே வா அண்ணா என்றால் வரவில்லை. வாசலில் நின்றபடியே, ஒரு கன்னியாஸ்திரி வந்து தங்கற ஊடா இது, அக்கா எங்கூட்லதான் தங்கணும், நான் எழுதிடறேன் என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அவர் ஒரு கார்டு எழுதி முடிக்க ஒரு வாரம் ஆகும், உனக்குத் தெரியாதா? அதனால் நான் முந்திக்கொள்கிறேன். என்னைப் பற்றின சேதி என் கையெழுத்தில்தான் உனக்கு வந்து சேர வேண்டும்.

சேதி இதுதான். நான் கோவிலுக்குப் போவதில்லை அக்கா. கிறிஸ்துமஸ் வாரத்தோடு நின்றுவிட்டேன். இதோ இப்போதுகூட இரண்டாம் பூசைக்கு மணி அடிக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் ஐந்து பிள்ளைகளுக்கும் தலைவாரி அழைத்துக்கொண்டு போய்விட்டார். நான் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். படித்ததும் சேசுவே என்று நெஞ்சில் கை வைத்திருப்பாய். கையை எடுத்துவிட்டு மேலே படி.

ஏன் நின்றாள் என்று ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அம்பத்தூரில் வேலைக்குப் போய் இந்துப் பெண்களோடு பழகிப் பொட்டு வைக்க ஆரம்பித்துவிட்டாளாம். இல்லையில்லை, ஆவடியில் அல்லேலூயாக்காரர்கள் பிடித்துவிட்டார்களாம். மாதா சபைத் தலைவிதான் எல்லோரையும் மிஞ்சிவிட்டாள். ஒரு பக்கெட்டுக்கு வேதத்தை வித்துட்டா என்றாளாம்! அது அக்கா, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பக்கெட் கொடுத்தார்கள். பச்சைக் கலர். நல்ல பக்கெட்தான், பொய் சொல்வானேன். நீ வந்தால் அதில்தான் உனக்கு வெந்நீர் விளாவப்போகிறேன்.

ஆமாம், ஆபரேஷன் செய்துகொண்டேன். கடைக்குட்டி பிறந்த மூன்றாம் நாள். பிரசவம் கஷ்டம் என்று மட்டும் உனக்கு எழுதினேன். எவ்வளவு கஷ்டம் என்று எழுதவில்லை. ரத்தம் நிற்காமல் போய், என் காலடியில் நின்ற டாக்டரம்மா தாட்சாயிணியின் முகமே வெளுத்துவிட்டது. இது ஏழாவது, எட்டாவது ஒன்று வந்தால் இவள் இருக்க மாட்டாள், அதற்கு நான் பொறுப்பில்லை என்று எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் உடனே கையெழுத்துப் போட்டார். இரண்டைப் புதைத்துவிட்டு ஐந்தை வளர்க்கிறேன் அக்கா. அந்த ஐந்துக்கும் அம்மா வேண்டாமா?

வீட்டுக்கு வந்து நாற்பது நாள் கழித்து ஒரு காலையில் கண்விழித்தேன். இனிமேல் மாசாமாசம் நாளை எண்ணிக்கொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்று தோன்றியது. அடடா, அந்தக் காலையை உனக்கு எப்படிச் சொல்வேன்! கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அப்படி ஒரு நாள் எனக்கு வந்ததே இல்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அந்தச் சந்தோஷம்தான் அக்கா என்னை மாட்டிவிட்டது.

போன வருஷம் ஈஸ்டர் பாஸ்குவுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். சாமியார் உட்காரும் மரத் தொட்டியின் கம்பி வலைக்கு முன்னால் முட்டி போட்டு, கோபப்பட்டது, பிள்ளைகளை அடித்தது எல்லாம் சொல்லி, கடைசியில் ஆபரேஷனையும் சொன்னேன். நம் பங்குச் சாமியார் நல்லவர், வயசும் சின்னது. பெரிய பாவம்மா, போனது போகட்டும், மனஸ்தாபப்படுகிறாயா என்று கேட்டார். செய்ததற்கு மெய்யாக வருந்தினால்தானே அது மனஸ்தாபம்? மற்ற எல்லாவற்றுக்கும் வருந்துகிறேன் சாமி, அதற்கு மட்டும் வரவில்லை என்றேன். மறுபடி அப்படி ஒரு சமயம் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். இதைவிட இரண்டு பிரசவத்துக்கு முந்தியே செய்துகொள்வேன் சாமி என்று வாய் முந்திக்கொண்டது. மனஸ்தாபம் இல்லாவிட்டால் பாவமன்னிப்புக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, யோசித்துவிட்டு வா என்றார். மன்னிப்பு இல்லாமல் பூசையில் போய் நாக்கில் நன்மை அப்பம் வாங்கக் கூடாது. அந்தப் பாஸ்குவுக்கு எல்லோரும் வரிசையில் எழுந்து போக, நான் காலை ஒதுக்கி வழிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேடிக்கையைக் கேள். கையெழுத்துப் போட்டாரே எங்கள் வீட்டுக்காரர், அவரும் போனார். மனஸ்தாபப்படுகிறேன் சாமி என்றார், ஐந்தே நிமிஷத்தில் பாவம் தீர்ந்து வெளியே வந்துவிட்டார். கையெழுத்துப் போட்டவர் நன்மை வாங்குகிறார், கத்தி பட்டவள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மெய்யாகவே வருந்தினீங்களா என்று அன்று ராத்திரி சோறு போடும்போது கேட்டேன். சாம்பாரைப் பார்த்தபடி, ஒரு வார்த்தைதானே அன்னம்மா, சொல்லிட்டு வாயேன், இன்னா கொறஞ்சிடப் போது என்றார்.

நானும் முயன்று பார்த்தேன், சத்தியமாக. ஒரு வாரம் வேலைக்கு நடுவில் வருத்தப்பட உட்கார்ந்தேன். பிறக்காத பிள்ளையை நினைத்தேன். பிறந்த ஐந்தும் அம்மா பசிக்குது என்று எதிரில் வந்து நின்றன. நரகத்தை நினைத்தேன். பயம் வந்தது, வருத்தம் வரவில்லை. ஆகஸ்டில் மாதா திருநாளுக்கு ஒருதரம் போனேன், கிறிஸ்துமஸுக்கு முன்னால் மூன்றாம் தரம் போனேன். அந்த மூன்றாம் தரம் சாமியார் என்னைக் கெஞ்சவே கெஞ்சினார். ஆண்டவரின் மனம் நோகச் செய்தேனே என்றாவது சொல்லம்மா, நான் மன்னிப்புக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

சொல்லியிருக்கலாம். ஆனால் புதுநன்மைக்கு என்னைத் தயார் செய்தவள் நீ. மனஸ்தாபம் இல்லாமல் மன்னிப்பு வாங்கி, அதோடு நன்மையும் வாங்கினால் அதைவிடப் பெரிய துரோகம் இல்லை என்று என் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தாயே. பொய் சொல்லி உள்ளே இருப்பதைவிட, நிஜம் சொல்லி வெளியே இருக்கலாம் என்று எனக்குப் பட்டது. வெளியே வந்தேன். கோவில் வாசலில் வறுத்த வேர்க்கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டே ரயில்வே கேட் வரைக்கும் நடந்தேன். அழுவேன் என்றுதான் நினைத்தேன். அழுகை வரவேயில்லை அக்கா, மனசு லேசாக இருந்தது.

அடுத்த ஞாயிறு போகவில்லை. இடி விழும் என்று பார்த்தேன், விழவில்லை. அதற்கடுத்த ஞாயிறு துணி துவைத்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. இத்தனை வருஷம் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்ததில் முக்காலும் பயம். பயம் போனதும் மிச்சம் என்ன இருக்கிறது என்று தேடினேன். மாதா மேல் ஆசை இருக்கிறது. வேலை செய்யும்போது விரலில் கம்பி குத்தினால் சேசுவே என்றுதான் வருகிறது. மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பிள்ளைகளை நான் தடுப்பதில்லை. நீ நரகத்துக்குப் போவியாம்மா என்று பெரியவள் பிலோமினா கேட்டாள். போனப்புறம் பாத்துக்கலாம், நீ சாப்பிடு என்றேன். சிரித்தாள். பிறகு கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

நான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்திருந்தேன். கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிற ஆனந்தன் சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்த பையனாம். அவன் அப்பா பூச்சிமருந்தைக் குடித்துச் செத்தபோது கல்லறைத் தோட்டத்தில் இடம் தரவில்லை, வேலிக்கு வெளியே புதைத்தார்களாம். அன்றைக்கே நானும் வேலிக்கு வெளியே வந்துவிட்டேன் என்றான். அவனுக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கிறது. என் கதையைக் கேட்டு, சந்தோஷப்பட்டு வெளியே வந்த ஆளை இப்பதான் பாக்கறேன் அக்கா என்றான்.

பருப்பு தீய்கிற வாசனை வருகிறது. பிறகு எழுதுகிறேன்.

வியாழன், மத்தியானம், அம்பத்தூர்.

அக்கா, அக்கா! சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன், கையெழுத்து ஆடினால் திட்டாதே. என்னைப் பர்மனென்ட் ஆக்கிவிட்டார்கள்! ரேடியோவுக்குக் காயில் சுற்றுகிற வேலை என்று எழுதியிருந்தேனே, அதில்தான். தலைமுடியைவிட மெல்லிசான தாமிரக் கம்பி, அறாமல் சுற்ற வேண்டும். சூப்பர்வைசர் தேவராஜ் சார் பெஞ்சுக்கே வந்து ஆர்டரைக் கையில் கொடுத்தார். பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். முன்னால் இரண்டு தடவை இதே கம்பெனியில் இந்த ஆர்டருக்குப் பக்கத்தில் வந்தேன். இரண்டு தடவையும் வயிறு தெரிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை யாரும் என் வயிற்றைப் பார்க்கவில்லை. இந்தச் சந்தோஷத்துக்கு நான் எப்படி மனஸ்தாபப்படுவேன், நீயே சொல்!

நேற்று எங்கள் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். அக்கா இருக்கற அஞ்சு நாளைக்கு மட்டும் கோவிலுக்கு வந்து நாக்கை நீட்டிட்டு வந்துடு, அக்காவுக்காக என்றார். சூசை அண்ணனும் அதற்கு ஒத்துக்கொள்வாராம். நான் முடியாது என்றேன். வேறு யாருக்காக வேண்டுமானாலும் நடித்துவிடலாம் அக்கா, உனக்கு முன்னால் நடிக்க முடியாது. ஏன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

அம்மா சாகிறதுக்கு இரண்டு நாள் முன்னால் என்னிடம் ஒன்று சொன்னாள். அக்காவிடம் கேட்காதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷம் கேட்காமல் இருந்தேன். எனக்கு ஒன்பது வயதில் விஷஜுரம் வந்து, மருந்து கேட்காது என்று எல்லோரும் கைவிட்டபோது, நீ பீடத்துக்கு முன்னால் போய் விழுந்தாயாமே. உனக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டு, இந்தப் பிள்ளை பிழைத்தால் போதும், என்னை எடுத்துக்கொள் என்று நேர்ந்துகொண்டாயாமே. நான் எழுந்து கஞ்சி குடித்த மாசமே நீ மடத்துக்குப் போய்விட்டாய். நீ ஆசையோடு போனாய் என்றுதான் நான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

இதைத் தெரிந்துகொண்டு நான் கோவிலை விட்டு வந்திருக்கிறேன். ஆனந்தனுக்குப் பயமில்லை, எனக்கு இருக்கிறது. நரகத்தைப் பற்றி இல்லை. இவளுக்காகவா இருபத்துநாலு வருஷம் கொடுத்தேன் என்று நீ ஒரு நிமிஷம் நினைத்துவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம். அந்த ஒன்றுக்காக மட்டும் மூன்று தரமும் பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன்.

ஆனால் யோசித்துப் பார் அக்கா. அன்றைக்கு நீ கேட்டது என்ன? இவள் கோவிலுக்குப் போக வேண்டும் என்றா கேட்டாய்? பிழைத்தால் போதும் என்றுதானே கேட்டாய்? நான் பிழைத்திருக்கிறேன். ஜுரத்தில் ஒருதரம் பிழைத்தேன், ஆஸ்பத்திரியில் இன்னொரு தரம் பிழைத்தேன். முப்பத்துமூன்று வயதில், கையில் வேலையோடு, ஐந்து பிள்ளைகளோடு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு இருக்கிறேன். வந்து பார்க்க வேண்டாமா?

சங்கு ஊதிவிட்டார்கள். மே மாசம் நீ வருகிற வண்டிக்கு நான் லீவு போட்டுவிட்டு சென்ட்ரலில் நிற்பேன். சூசை அண்ணனும் நிற்பார். நீ யாரோடு போக வேண்டுமோ போ, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் பூந்தமல்லிக்கே போவதானாலும், போகும் முன்னே என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒருதரம் நன்றாகப் பார்த்துவிட்டுப் போ.

நீ கேட்டு வாங்கிய தங்கை,
அன்னம்மாள்.