வண்டிச் சாவி என்னிடம் இருக்கிறது

பாண்டிசெல்வி அப்பாவுக்கு,

வண்டிச் சாவியைத் தேடாதீர்கள். அதை எடுத்துக்கொண்டுதான் மதுரைக்கு ஜவுளி எடுக்கப் போகிறேன்.

இந்த வாரம் மாற்றுத்திறனாளிகள் மையத்தில் நம் மகள் பேண்டேஜ் துணி மடித்தாள், கீரை விதைத்தாள், ஆடினாள். நேற்று அவள் கிளறிக் கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றை டப்பாவோடு வழித்துச் சாப்பிட்டது நீங்கள்தான். இன்று வெள்ளி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தனியாக பஸ்ஸில் வீடு வர வேண்டும், அதுதான் பாடம்.

போன வாரம் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வண்டியில் போனீர்கள். ஜன்னல் வழியாக உங்களைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நிப்பாட்டுங்க. எங்கப்பா வாராவ, நான் அவியகூடப் போயிருதேன்" என்று கண்டக்டரிடம் சொல்லிப் பாதி வழியில் இறங்கிவிட்டாள். இருபத்தாறு வயதுக்காரி. அன்றைக்குத் தேறாதது அவள் இல்லை.

காலையில் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றீர்கள். இருந்துவிட்டுப் போகிறேன். நீங்கள் நாலரைக்கு வீட்டிலேயே இருங்கள். கதவை அவளே திறக்கட்டும். புளிக்குழம்பு அடுப்பில் இருக்கிறது.

பக்கத்து வீட்டு விஜயபாண்டியிடம் வண்டி இரவல் கேட்க வேண்டாம். அவனிடமும் சொல்லிவைத்துவிட்டேன்.

அவள் வந்து சேர்ந்ததும் உடனே போன் போடுங்கள். அதுவரை எனக்குப் பேரம் பேச வாய் வராது, கடைக்காரன் சொன்ன விலைக்கே எடுத்துவிடுவேன்.