அன்னாசியின் கண்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நானும் சின்னவளும் சுகம், அங்கே நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நேரத்துக்குத் தூங்கி எழுகிறாய் என்றே நம்பியிருக்கிறோம். என் கண்ணாடி உடைந்துவிட்டது, அதனால் நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள், எழுத்து கோழி கிளறியது போல் இருந்தால் இவளைத் திட்டு. காய் அன்னாசியை வாங்கி, பழுக்கட்டும் என்று பத்து நாள் ஜன்னலில் வைத்திருந்தாய் என்று கேட்டதிலிருந்து சிரித்து மாளவில்லை. பழவண்டிக்காரி பெற்ற பிள்ளையா நீ? அது என்ன வாழைத்தாரா? செடியிலிருந்து அறுத்த பிறகு அன்னாசிக்கு இனிப்பு ஏறாது, அழுகத்தான் செய்யும். கையில் தூக்கினால் கனக்க வேண்டும், அடிப்பக்கம் மஞ்சள் ஏறி மணக்க வேண்டும், புளித்த வாடை வந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டு. கொண்டையையும் அடியையும் சீவிவிட்டு, நிற்க வைத்துத் தோலை இறக்கு. கண்களை ஒவ்வொன்றாகத் தோண்டிக்கொண்டிருக்காதே, அவை சாய்ந்த வரிசையில் இருக்கும், அதே சரிவில் வாய்க்கால் போல வெட்டினால் மாலையாகக் கழன்று வரும். உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு, நாக்கு அரிக்காது. வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பிட்ட பிறகு நாலு துண்டு தின்றால் வயிறு லேசாக இருக்கும். டப்பாவில் பாகில் மிதப்பதைத் தொடாதே, அது பழமே இல்லை.

அண்ணா, இனி நான். அம்மா தூங்கிவிட்டாள், போர்வைக்குள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். விடிந்ததும் பக்கத்து வீட்டு டிரைவர் மாமா பார்சலோடு இதையும் எடுத்துப் போய்விடுவார். கண்ணாடி உடையவே இல்லை. மூன்று வாரம் முன்பு அன்னாசிக் கண் வெட்டும்போது கத்தி வழுக்கி அம்மாவின் வலது கையில் இறங்கிவிட்டது. தையல் பிரித்தும் இரண்டு விரல் மடங்கவில்லை. நாளைக் கடத்தாமல் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார் நர்ஸ் அக்கா. அம்மாவோ, "தானா சரியாயிடும்டி, அவன்கிட்ட மட்டும் சொன்னே, வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவான், அப்புறம் உன்கூட பேசவே மாட்டேன்" என்கிறாள். வீடியோவில் பேசும்போது போனை இடது கையில் பிடித்து முகத்தை மட்டும் காட்டுகிறாள், பேசி முடித்ததும் போன் தலையணைக்கடியில் போய்விடுகிறது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் வண்டிக்குப் பழம் வெட்டுவது நான்தான். வண்டி நிற்கும் இடத்து ஆபீஸ் வாட்ச்மேன் தட்டைப் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, எலி கடிச்ச பழமா?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். ஆனால் அம்மா தூக்கத்தில் அந்த விரல்களைத் தடவிக்கொள்வதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை ஒரு நல்ல பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு வீடியோவில் கூப்பிடு. கண் வரிசை பிடிபடவில்லை, எந்தச் சரிவு என்று காட்டு என்று கேள். அன்னாசி விஷயத்தில் அம்மாவால் வாயால் மட்டும் சொல்லிவிட்டு இருக்க முடியாது, வலது கை தானாக மேலே வரும். அப்போது விரல்களை நீயே பார்த்துக்கொள்.

அம்மா கடைசியாகச் சொன்ன வரிக்கு இடம் விட்டு வைத்திருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்: நூறு வயது நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, உடம்புக்கு ஏதாவது என்றால் வீட்டுக்கு மறைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
(எழுதியது சின்னவள்)