அழிக்கட்டோ என்று கேட்கிற பெட்டி

நவம்பர் 12, புதன்

விடியவே மழை. வாடைக் காற்று. கடலுக்கு ஒருவரும் இறங்கவில்லை. வள்ளத்தை இன்னும் மேலே இழுத்துக் கட்ட வேண்டும். எஞ்சின் வீட்டுக்குள், என் பாயை விட நல்ல இடத்தில்.

இன்றைய வேலை: கூரைத் தகரத்துக்கு ஆணி. வலைப் பொத்தல். சீனி. ஜெனியின் பெட்டிக்குப் பற்றரி.

கடைசியில் எழுதியதுதான் முதலில் வந்தது. தேத்தண்ணி குடிக்கக்கூட இல்லை, மகள் ஜெனி கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா நிண்டிட்டா."

அம்மா நிற்பது குவைத்தில், யாரோ ஒருவரின் வீட்டில் சமைத்துக்கொண்டு. இங்கே நின்றது பாட்டுப்பெட்டி. தீப்பெட்டி அளவு, சின்னக் கண்ணாடி, மூன்று பட்டன். என் மனுசி திரேசா போகுமுன் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து, ஜெனியின் வரலாற்றுப் புத்தகம் முழுவதையும் வாசித்துத் தன் குரலை அதற்குள் பதிந்துவிட்டுப் போனாள். புத்தகத்தில் உள்ளது மட்டும் இல்லை. பழைய கேள்விகள், எந்தக் கேள்விக்கு எப்படி விடை தொடங்குவது, எல்லாம் அவளே யோசித்துச் சொன்னது. இடையிடையே கோழியை விரட்டுவாள், என்னை ஏசுவாள். ஜெனி அந்த ஏச்சையும் சேர்த்தே பாடமாக்கி வைத்திருக்கிறாள்.

பிள்ளைக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. தடவிப் படிக்கிற புத்தகம் தமிழுக்கு வந்தது, வரலாற்றுக்கு இன்னும் வரவில்லை. பரீட்சையில் தமிழ்த் தாள் எழுதியாயிற்று. வரலாறு வரும் செவ்வாய். சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் தருவார்கள். ஞாபகம் தரமாட்டார்கள்.

புதுப் பற்றரி போட்டேன். கண்ணாடியில் இங்கிலிஷ்.

"என்ன எழுத்து நிக்குது? ஒண்டொண்டாச் சொல்லுங்கோ."

"டி. ஐ. எஸ். கே. பிறகு ஈ. ஆர். இன்னொரு ஆர்..."

"டிஸ்க் எரர்."

"அப்பிடியெண்டா?"

"உள்ளுக்கு ஏதோ பிழையாம்."

"எனக்குள்ளயும்தான் கிடக்கு. நான் ஆருக்கு எழுதிக் காட்டுறது?"

அவள் சிரிக்கவில்லை. நிறுத்தித் திரும்பப் போட்டேன். கூ கூ என்று இரண்டு தரம் கத்திவிட்டு வேறு எழுத்து. எஃப். ஓ. ஆர். எம். ஏ. ரி. பக்கத்தில் கேள்விக்குறி. கீழே இரண்டு சொல், ஒன்று 'வை'யில் தொடங்குகிறது, மற்றது 'என்'னில். நான் பத்தாம் வகுப்போடு வலைக்குப் போனவன். கேள்வி கேட்டால் ஓம் என்று சொல்வதுதான் மரியாதை என்று என் விரல் நடுப் பட்டனுக்குப் போய்விட்டது.

ஜெனி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"அமத்தாதேங்கோ! எல்லாத்தையும் அழிக்கட்டோ எண்டு கேக்குது."

'வை' தான் கறுப்பாகத் தெரிந்தது, நடுப் பட்டனை அமத்தினால் கறுப்பாக நிற்பதுதான் நடக்கும். அதாவது 'ஓம், அழி'. என்ன பெட்டி இது. அழிக்கிறதை முன்னுக்கு வைத்துக்கொண்டு கேட்கிறது.

அவள் இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டு வலது பட்டனை ஒரு தரம் அமத்தினாள். 'டிக்' என்றதாம். கறுப்பு 'இல்லை'க்குப் போனது, நான் கண்ணால் பார்த்தேன். பிறகு நடுப் பட்டன். பெட்டி தானாக அணைந்துவிட்டது. ஒன்றும் அழியவில்லை. அப்படித்தான் நினைக்கிறோம்.

சீனி வாங்க மறந்துவிட்டேன்.


நவம்பர் 13, வியாழன்

மழை விட்டு விட்டு. றோட்டில் முழங்கால் தண்ணீர். சைக்கிளைப் பாதி தூரம் நான்தான் சுமந்தேன்.

சந்தியில் சுகந்தியின் போன் கடை. கெட்டிக்காரி. வயர் போட்டுப் பார்த்தாள், தலையாட்டினாள்.

"அண்ணை, வயர் குத்துற ஓட்டை உப்புக் காத்தில செத்துப் போச்சு. கொம்பியூட்டருக்கு இப்பிடி ஒரு சாமான் இருக்கெண்டே தெரியேல்லை."

"எங்களை ஆருக்குத் தெரியுது, தங்கச்சி."

"பகிடி விடாதேங்கோ. இன்னொரு கொப்பி எடுத்து வைக்கேல்லையோ?"

வள்ளத்தில் நங்கூரம் இரண்டு. பிளக் இரண்டு. தண்ணீர்ப் போத்தல்கூட இரண்டு. திரேசாவின் குரல் மட்டும் ஒன்று.

பற்றரி தொடுகிற தகடுகளில் பச்சை பிடித்திருக்கிறதாம். மின்சாரம் ஒழுங்காகப் போகாவிட்டால் இந்த வகைப் பெட்டி பொய்ப் பிழை காட்டுமாம். துப்புரவாக்கிப் போட்டு, கேள்வி வந்தால் 'இல்லை' கொடுத்தால், சில வேளை தானே தேடி எழும்பும். 'ஓம்' கொடுத்தால் அவ்வளவுதான். துடைக்கிற மருந்து முடிந்துவிட்டது, சனிக்கிழமை வரும் என்றாள்.

சனிக்கிழமை! நான் இருக்க, எனக்கென்ன மருந்து?

இந்தக் கரையில் நின்றுபோன எதற்கும் ஒரே வைத்தியம்தான். பிளக்கோ, ரோர்ச்சோ, றேடியோவோ, பழந்துணியில் பெற்றோல் நனைத்து ஒரு துடை. துடைத்தேன். தகடு புதுச் சல்லிக் காசு மாதிரி மின்னியது. அத்தோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. கண்ணாடியில் பிசுக்கு, அதையும் ஒரு இழுப்பு.

கண்ணாடி இல்லையாம் அது, பிளாஸ்ரிக். என் கண்ணுக்கு முன்னால் வெளுத்தது. அவித்த மீனின் கண் போல. திருப்பித் துடைக்க இன்னும் மோசம்.

போட்டுப் பார்க்கப் பயம். கேள்வி வந்தாலும் எது கறுப்பு என்று இனித் தெரியாது. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வலைப் பொத்தல் பார்க்கப் போய்விட்டேன். வீரன்.

பின்னேரம் ஜெனி அதைக் கையில் எடுத்தாள்.

"அப்பா, இது ஏன் எஞ்சின் மாதிரி மணக்குது?"

"காத்து அந்தப் பக்கத்தாலதானே அடிக்குது."

பெருவிரலால் கண்ணாடியைத் தடவினாள். ஒரு தரம். இன்னொரு தரம். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஏசியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.


நவம்பர் 14, வெள்ளி

காற்று குறையவில்லை. மீன் இல்லை. பருப்பு.

வெள்ளி என்றால் திரேசாவுக்கு போன் கிடைக்கும் நாள்.

"பிள்ளை பாடம் கேக்கிறாளோ?"

"ஓம்."

"பெட்டி நல்லாத்தானே வேலை செய்யுது?"

"ஓம் ஓம்."

"என்ன, ரெண்டு ஓம்?"

ஒரு கடல் தாண்டி இருந்தும் தப்ப முடியவில்லை. லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை ஜெனியிடம் கொடுத்தேன். காட்டிக்கொடுப்பாள் என்று நினைத்தேன். "எல்லாம் பாடமம்மா, நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றாள். குரல் ஆடவில்லை.

பிறகு நானே புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் இருந்தேன். வாசித்தேன். பாறையில் வள்ளம் ஏறின மாதிரி ஒவ்வொரு நீட்டுச் சொல்லிலும் தட்டி நின்றேன்.

"ஏகாதி... பத்தியம்..."

"பிள்ளை பெத்தவைக்குக் குடுக்கிறதோ அப்பா?"

நேற்றிலிருந்து என்னோடு முதல் பேச்சு. அதற்காகவே இன்னும் நாலைந்து சொல்லை வேண்டுமென்று முறித்து வாசித்தேன். (எல்லாம் வேண்டுமென்று இல்லை.)

ஒரு அத்தியாயத்தோடு குரல் போய்விட்டது. அவள் சொன்னது: "நீங்கள் வாசிக்கிறது சரியப்பா. ஆனா எது முக்கியம் எண்டு அம்மாதான் சொல்லுவா. புத்தகம் எல்லாத்தையும் ஒரே மாதிரிச் சொல்லுது."

பிறகு: "இந்த முறையும் சோதினையைக் கோட்டை விட்டனெண்டா கதிரை பின்னத்தான் போகவேணும். அங்கயிருந்து கேட்டு ஆக்கள் வந்தவை."

பகிடி மாதிரித்தான் சொன்னாள். கண் தெரியாத பிள்ளைகளுக்குக் கதிரைக்கு நார் பின்னப் பழக்குகிற இடம் அது, கெட்ட வேலை இல்லை. இவளுக்கு ஆசை பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க.


நவம்பர் 15, சனி

தூறல். திரும்பவும் சுகந்தி. கண்ணாடியைப் பார்த்தாள், மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பெற்றோல்."

"கொஞ்சம்தான்."

"அண்ணை, இதென்ன நாப்பது குதிரை எஞ்சினோ?"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், அதுதான் மலிவான வழி.

இந்தப் பெட்டிக்கு மாற்றுக் கண்ணாடி இல்லை. ஆனால் தகடு நல்ல துப்புரவு, அதில் பெற்றோல் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது என்றாள். பற்றரி ஸ்பிரிங் முறிகிற நிலையில். ஒரு தரம் பற்றரி போடலாம், கழற்றிக் கழற்றிப் போட்டால் முடிந்தது. இன்னொன்று: வலது பட்டனுக்குள் உப்பு. மீற்றர் வைத்துப் பார்த்தாள், ஒரு தரம் அமத்தினால் சில வேளை இரண்டு தரம் பாய்கிறது. இருப்பது இரண்டே சொல். இரண்டு தரம் பாய்ந்தால் திரும்பவும் 'ஓம், அழி'யில் வந்து நிற்கும்.

"கண்ணால பாக்கேலாது. இயர்போனில 'டிக்' எண்ணித்தான் செய்யவேணும். எனக்கெண்டாப் பயம் அண்ணை, நான் தொடமாட்டன்."

எழும்பினால் உடனே கொண்டுவரச் சொன்னாள். இயர்போன் ஓட்டையால் பாடவிட்டுத் தன் போனில் பிடித்துத் தருவாளாம்.

வீட்டுக்கு வந்து ஜெனிக்கு எல்லாம் சொன்னேன். ஒன்றும் ஒளிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"இப்ப உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா எனக்குப் பழக்கம். நான் அமத்துறன்."

நாளைக்கு, பூசை முடிந்த பிறகு.


நவம்பர் 16, ஞாயிறு

கோயிலில் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி. காணாமல் போனதைத் தேடித் தருகிறவர். இது இன்னும் காணாமல் போகவில்லை, முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

வீட்டுக்கு வரவும் மழை பிடித்தது. சும்மா மழை இல்லை. தகரத்தில் கல்லுக் கொட்டின மாதிரி. ஜெனி பாயில் இருந்து இயர்போனைச் செருகினாள். நான் பற்றரியைப் போட்டேன். ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தள்ளினேன்.

"கூ கூ எண்டது. கேள்வி வந்திட்டுது."

வலது பட்டனில் விரலை வைத்தாள். எடுத்தாள்.

"ஏலாதப்பா. தகரச் சத்தம். 'டிக்' எத்தினை எண்டு பிடிக்கேலாது."

காத்திருக்கலாம் என்றேன். சும்மா விட்டால் தானாக அணையும், பிறகு எழுப்பப் பற்றரியைக் கழற்றிப் போட வேண்டும், ஸ்பிரிங் முறிந்துவிடும் என்றாள். அதுவும் உண்மை. தலையணையால் காதை மூடிப் பார்த்தாள், சரிவரவில்லை. அலுமாரிக்குள் தலையை விடச் சொன்னேன், அது தகர அலுமாரி. எனக்கு விசர், மூளை வேலை செய்யவில்லை.

அப்போதுதான் மூலையில் கண்ணில் பட்டது ஐஸ் போடுகிற மீன் பெட்டி. இலேசான வெள்ளை நுரை அட்டை, றெஜிபோம் என்பார்கள், கையளவு தடிப்பு. இரண்டு கிழமையாக வெறுமை. மணம் மட்டும் நிரம்பி இருந்தது.

"அதுக்குள்ளயோ?"

"மூக்கைப் பொத்து, காதைத் திற."

பெட்டியைச் சரித்து வைத்தேன். தலையும் தோளும் உள்ளே. நான் மேலே மழைக்குப் போர்த்துகிற தடித்த படங்குச் சீலையைப் போட்டு, அதற்கு மேல் நானும் கவிழ்ந்து படுத்தேன். யாராவது எட்டிப் பார்த்திருந்தால் மகளைக் கொல்கிறான் என்று கத்தியிருப்பார்கள்.

"மூச்சு விடாதேங்கோ அப்பா, உங்கட மூச்சும் கேக்குது."

விடவில்லை.

"ரெண்டு," என்றாள் உள்ளே இருந்து. இரண்டு பாய்ந்துவிட்டது. திரும்ப 'அழி'.

தோள் அசைந்தது, திரும்பவும் அமத்துகிறாள்.

"ஒண்டு."

"நிச்சயமோ?"

"ஒண்டு எண்டுறன்."

"இன்னொருக்கா யோசி பிள்ளை, மழை..."

"அப்பா. நீங்கள் கடலில நிக்கேக்க நான் வந்து நிச்சயமோ எண்டு கேக்கிறனானோ?"

அவள் நடுப் பட்டனை அமத்தியிருப்பாள். எனக்குத் தெரியவில்லை, அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அசையவில்லை. மழை. திரேசாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். கதிரை பின்னுகிற இடம் நினைவில் வந்தது. நைலோன் நார், வரிசையாக இருக்கிற பிள்ளைகள்.

ஜெனியின் முதுகு குலுங்கியது. அழுகிறாள். படங்கை இழுத்தேன், பெட்டியை இழுத்தேன். முகமெல்லாம் கண்ணீர், செதில் ஒன்று நெற்றியில்.

அழவில்லை. சிரிப்பை அடக்குகிறாள். உதடு அசைந்துகொண்டிருந்தது, யாரோடோ சேர்ந்து சொல்வது போல.

"என்ன? என்னடி பிள்ளை?"

ஒரு பக்க இயர்போனைக் கழற்றி என் காதில் வைத்தாள். முதலில் ஒரு கோழி. பிறகு திரேசா:

"இஞ்சாருங்கோ, பெற்றோல் கையோட அதைத் தொடாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது!"