அன்று யார் முறை?

மார்ச் 4

அன்பு மருமகளுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். என் ராக்கோழிப் பேரன் எப்படி இருக்கிறான்? தொண்டை சரியாயிற்றா?

ராத்திரி பிள்ளை அழுதால் முறை வைத்து எழுவோம், யார் முறையோ அவர் தலைமாட்டில் டார்ச் இருக்கட்டும் என்று சட்டம் போட்டதே நான்தான். அன்று உன் முறை என்றுதான் படுத்தேன். விடிந்து பார்த்தால் டார்ச் என் தலைமாட்டில். பேக்கரி வேலை முடிந்து வந்த என் மகன், “புள்ளைக்குக் கத்திக் கத்தித் தொண்டையே கட்டிப்போச்சு, உனக்குக் காதே கேக்கலையாம்மா?” என்று எகிறினான். தலையைக் குனிந்துகொண்டேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எனக்கு நினைவு தப்புகிறது போலிருக்கிறது. என் மகள் சின்னவள் பிரசவத்துக்குக் கூப்பிட்டாள், வரமாட்டேன் என்றுவிட்டேன். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை எழுந்து பார்க்கிறேன். நாற்பது வருஷம் தையல் மெஷினில் ஒரு அளவு தப்பாதவளுக்கு இந்தக் கதி. வெட்கமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே.

அன்புடன்,
அத்தை


மார்ச் 9

அன்புள்ள அத்தைக்கு,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். உங்கள் நினைவு எங்கும் போகவில்லை. அன்று என் முறைதான்.

ஐந்தாவது தடவையாக அவன் எழுந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூடத்துத் தொட்டிலில் அவனை அப்படியே விட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அழுகை கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் என்றுதான். சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனேன். உங்கள் மகன் வாசலில் வண்டி நிறுத்திய சத்தத்தில்தான் விழித்தேன்.

பயத்தில் டார்ச்சை எடுத்து உங்கள் தலைமாட்டில் வைத்துவிட்டு, போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் உங்களைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. நான் எழவில்லை. கிளம்பும்போது நீங்கள், “நீ தூங்கும்மா, பாவம்” என்று என் தலையைத் தடவினீர்கள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நானெல்லாம் ஒரு மனுஷியா, அத்தை?

மன்னிப்புக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. தயவுசெய்து சின்னவளிடம் போங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 15

மருமகளுக்கு,

படித்ததும் உன் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். அப்புறம் எடுத்து நீவிவிட்டுத் திரும்பப் படித்தேன். பத்து நாளாக எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன், அடி பாவி! நீ தூங்கிப்போனதற்குக் குறை சொல்ல மாட்டேன், பச்சை உடம்புக்காரி. டார்ச்சை எடுத்து வைத்தாயே, அதுதான் ஆறவில்லை.

ஆனால் நானும் ஒன்றை மறைத்தேன். பிள்ளை அழுதது எனக்குக் கேட்டது. முதலிலிருந்தே கேட்டது. இன்றைக்கு அவள் முறை, அவளே எழட்டும், நமக்கென்ன என்று போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்கிப்போனேன். காது கேட்கவில்லையா என்று அவன் கேட்டபோது நான் தலையைக் குனிந்தது அதற்காகத்தான்.

சின்னவளிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன் வீட்டுக்கு இப்போதைக்கு வரமாட்டேன், கோபம் தணியட்டும்.

என் மகனிடம் உன் பங்கை நீயே சொல். என் பங்கைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதையும் நீயே சொல்லிவிடு.

அத்தை