தலைகீழாய் வைத்த தட்டு

செவ்வாய், வடசமவெளி நிலையம். மரபணுக் கூடப் பதிவு.
எழுதுவது: செண்பகவல்லி, மரபணு ஆய்வாளர்.

நாள் 212, காலை 9:10
புதிய மரபணு வாசிப்புக் கருவி ஓடுகிறது. சோதனைக்காக இங்குள்ள முப்பத்தொரு பேரின் கன்னத்து உட்செல்களையும் வாசித்தேன். புறப்படுமுன் பூமியில் எடுத்த தரவோடு இதை ஒப்பிட வேண்டும். ஆளுக்கு ஆள் மாறும் இடங்களை மட்டும் ஒப்பிட்டால், ஒரே ஆளின் இரு வாசிப்புகள் தொண்ணூற்றொன்பது சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகும். வழக்கமான வேலை.

ஜெபசிங்குக்குக் காய்ச்சல் இல்லை. சூரியப் புயலின்போது வெளியே துளையிடும் களத்தில் சிக்கி, கதிர்வீச்சில் எலும்பு மஜ்ஜை செத்துப்போனவர். பூமியின் தரவு பொருத்தம் என்று காட்டிய ஹமீதின் மஜ்ஜையை அவருக்கு ஏற்றியிருக்கிறோம்.

நாள் 212, பிற்பகல் 3:40
ஐம்பத்தெட்டு சதவீதம்தான் ஒத்துப்போகிறது. உறவில்லாத இருவரை ஒப்பிட்டால் வரும் அளவு. எல்லோருக்கும் அப்படியே. பூமியில் டி.என்.ஏ. இழையின் எதிர்ப்பக்கத்தைப் படித்திருப்பார்களோ என்று திருப்பிப் போட்டு ஓட்டினேன். மாறவில்லை.

என் பெயருக்கு நேரே இருப்பது நான் இல்லை.

நாள் 213, காலை 8:05
ஒவ்வொருவரையும் மற்ற எல்லோரோடும் ஒப்பிட்டேன். முப்பத்தொரு பேரும் கிடைத்துவிட்டார்கள், வேறு வேறு பெயர்களில். பூமியில் மாதிரிகள் இருந்த தட்டைத் தலைகீழாய்க் கருவிக்குள் வைத்திருக்கிறார்கள். முதல் குழி கடைசிக் குழியாகிவிட்டது.

அப்படியானால் ஹமீது பொருத்தம் இல்லை.

மருத்துவர் ரொசாரியோவிடம் சொன்னேன். அவர் உடனே ஜெபசிங்கின் உள்ளங்கைகளைப் பார்க்கப் போனார். சிவந்திருந்தன. ஹமீதின் செல்கள் அவர் உடம்பைத் தாக்கத் தொடங்கிவிட்டன.

நாள் 213, பிற்பகல் 1:20
பெயர்களைச் சரிசெய்து மறுபடி தேடினேன். பொருந்துபவர் ஒரே ஒருவர். சரக்குக் கப்பலின் விமானி தர்சினி; தட்டில் இருந்த முப்பத்திரண்டாவது மாதிரி அவளுடையது. இந்தக் கருவியை இறக்கிவிட்டுப் பூமிக்குக் கிளம்பி ஒரு மாதம் ஆகிறது.

செய்தி அனுப்பினேன். அவள் பதில்:
"அக்கா, கப்பலைத் திருப்பேலாது. எரிபொருள் காணாது. மூண்டு தரம் கணக்குப் போட்டுப் பாத்திட்டன். என்ர உடம்பில இருக்கு, ஆனா குடுக்கேலாமக் கிடக்கு. அவருக்கு என்ன சொல்லப் போறியள்?"

நாள் 214, காலை 10:00
இந்தத் தாக்குதலை அடக்கும் மருந்து சில நாட்களுக்குத்தான் இருக்கிறது. தனியறைப் பேசியில் ஜெபசிங்:
"தோலெல்லாம் எரியுதுக்கா. ஹமீது அண்ணன் தான் குடுத்தது சேரலன்னு அழுறாராமே. அவரு என்ன செய்வாரு, பாவம். அழ வேண்டாம்னு சொல்லுங்க. வேற ஆளு இருக்காங்களா?"

இருக்கிறார் என்றேன்.

"எங்க?"

சொன்னேன்.

"அந்தப் புள்ளகிட்ட சொல்லிட்டீங்களா? சொல்லியிருக்க வேண்டாம்க்கா."

நாள் 216, காலை 11:30
பூமியிலிருந்து:
"தட்டு மாறியது உறுதி. வருந்துகிறோம். திருத்திய தரவுக்கோப்பை இணைத்துள்ளோம். உங்கள் வாசிப்புடன் ஒப்பிட்டு, ஒத்துப்போகும் அளவைத் தெரிவிக்கவும்."

ஒப்பிட்டேன். தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது. எல்லோரும் அவரவர் பெயரில். ஜெபசிங்கும்.

அறிக்கை அனுப்பிவிட்டேன். வேறென்ன செய்ய.

நாள் 218
மருந்து தீர்ந்தது. ஜெபசிங்குக்குக் காய்ச்சல், கண்கள் மஞ்சள். ஹமீது தனியறைக் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார், எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். எனக்கு இந்த அறையில் ஒரு வேலையும் இல்லை. கருவி சரியாக வாசிக்கிறது.

நாள் 219, காலை 6:50
ஜெபசிங் போய்விட்டார்.

ரொசாரியோ நேரம் குறித்தார். நான் குறிக்கவில்லை.

நாள் 219, காலை 9
தர்சினியிடமிருந்து:
"அக்கா, இண்டைக்கு அவருக்கு எப்பிடி? காய்ச்சல் குறைஞ்சுதோ?"

அவள் அங்கே தனியாள். பூமி போய்ச் சேர இன்னும் ஆறு மாதம்.

பதில் தட்டச்சு செய்தேன். அழித்தேன். மறுபடி

காலை 9:40
"அக்கா? கேக்குதோ?"